லாரி வரும் நேரம் தெரிந்தால் நல்ல நிலையம்
சென்னைப் புறநகரில் உள்ள ஒரு சி.என்.ஜி. (அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு) நிலையத்தில் எட்டு மாதங்களாக என் காருக்கு எரிவாயு நிரப்பி வருகிறேன். குழாய் இணைப்பு இல்லாத இந்த இடத்துக்கு, வேறொரு தாய் நிலையத்தில் அழுத்தி அடைக்கப்பட்ட வாயு, உருளைகள் அடுக்கிய லாரியில் வந்து சேருகிறது. லாரி வந்த சிறிது நேரத்துக்குள் சென்றால், அழுத்தமானியின் முள் 200 பார் (அழுத்தத்தின் அலகு) வரை ஏறி, 60 லிட்டர் கொள்ளளவுள்ள என் உருளையில் ஏறத்தாழ 9 கிலோ நிரம்புகிறது. லாரியின் உருளைகள் காலியாகும் வேளையில் சென்றாலோ, இரு பக்க அழுத்தமும் சமமாகி, முள் 140-இலேயே நின்றுவிடுகிறது. சென்ற மாதம் அப்படித்தான் ஐம்பது நிமிடங்கள் வரிசையில் காத்திருந்து 6 கிலோவுடன் திரும்பினேன். கிலோ கணக்கில்தான் பணம் வாங்குகிறார்கள் என்பதால் இதில் பண இழப்பு இல்லை. ஆனாலும் அழுத்தம் குறைந்திருப்பதை வாசலிலேயே ஒரு பலகையில் எழுதி வைத்தால், தொலைவிலிருந்து வருபவர்களின் நேரம் மிச்சமாகும்.

பாதுகாப்பில் குறை சொல்ல இடமில்லை. இன்ஜினை அணைத்து, அனைவரும் இறங்கிய பிறகே குழாயைப் பொருத்துகிறார்கள். உருளையின் தகட்டில் பொறித்துள்ள தேதியைப் பார்த்து, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய நீரழுத்தச் சோதனை (உருளையில் நீரை அழுத்தி நிரப்பி அதன் உறுதியைப் பார்ப்பது) தவறியிருந்தால் நிரப்ப மறுக்கிறார்கள். எனக்கு முன்னால் நின்ற ஆட்டோ ஓட்டுநர் எவ்வளவோ கேட்டும் ஊழியர் இணங்கவில்லை. அந்தக் கண்டிப்புக்காகவே நான் நிலையத்தை மாற்றவில்லை.