ஜீரோ–டூர், டூர்–வுவெல்டா, டூர் மட்டும்: மூன்று வாரப் பந்தயத்தில் யாரை நம்பலாம்?

ஜூன் கடைசி வந்தால் சைக்கிள் பந்தய ரசிகர்களுக்குள் வருடாவருடம் இதே சண்டைதான். இவர் மே மாதம் இத்தாலியில் ஜீரோ பந்தயத்தை முழுசாக ஓட்டிவிட்டு வருகிறார், டூர் டி பிரான்ஸில் கால் தாங்குமா? அவரோ மலைமேல் முகாம் போட்டுப் பயிற்சி மட்டும் செய்துவிட்டு இறங்குகிறார், கூட்டத்தில் ஓட்டி உடம்பு பழகியிருக்குமா? இன்னொருவர் டூரை முடித்த கையோடு ஆகஸ்டில் ஸ்பெயினுக்குப் போய் வுவெல்டாவும் ஓட்டப்போகிறாராம். அது பேராசையா, கெட்டிக்காரத்தனமா?

மூன்று பந்தயமுமே 21 கட்டங்கள் (நாளுக்கு ஒரு கட்டம், மொத்த நேரம் குறைந்தவருக்குப் பட்டம்), வழக்கமாக இடையில் இரண்டு ஓய்வு நாள், மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். ஜீரோ முடிந்து ஏறக்குறைய ஐந்து வாரத்தில் டூர். டூர் முடிந்து நான்கைந்து வாரத்தில் வுவெல்டா. 2025இல் அந்த இடைவெளி 27 நாள்தான். நாள் கணக்கை மட்டும் பார்த்தால் டூர்–வுவெல்டாதான் ஆளைக் கொல்ல வேண்டும். நடந்திருப்பதோ தலைகீழ்.

முதலில் ஜீரோ–டூர். 1998இல் மார்கோ பான்டானி இரண்டையும் ஒரே வருடத்தில் வென்றார். (அந்த டூரில் எடுத்த அவருடைய மாதிரிகளில் ஈபிஓ என்ற ஊக்கமருந்து இருந்ததை 2013இல் வந்த பிரெஞ்சு செனட் அறிக்கை காட்டியது, அந்தக் காலத்து ஓட்டங்களை வைத்து இன்றைய கால்களை எடைபோடாமல் இருப்பது நல்லது.) அதற்குப் பிறகு முயன்றவர்களைப் பாருங்கள். ஆல்பெர்ட்டோ கொன்டடோர் 2015இல் ஜீரோவை வென்றார், டூரில் ஐந்தாம் இடம். வின்சென்சோ நிபாலி 2016இல் ஜீரோவை வென்றார், டூரில் முப்பதாம் இடம். நைரோ கின்டானா 2017இல் ஜீரோவில் இரண்டாவது, டூரில் பன்னிரண்டாவது. மூவரும் சாதாரண ஆட்கள் இல்லை. மூன்று பெரிய பந்தயங்களில் ஒன்றையாவது ஏற்கெனவே வென்றவர்கள்.

2018 கொஞ்சம் வேறு. உலகக் கோப்பை கால்பந்துக்காக டூரை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். இடையில் 41 நாள் கிடைத்தது. ஜீரோவில் முதலிரண்டு இடம் பிடித்த கிறிஸ் ஃப்ரூமும் டாம் டுமூலானும் டூரில் முறையே மூன்றாவதாகவும் இரண்டாவதாகவும் வந்தார்கள். ஆக, ஒரு வாரம் கூடுதலாகக் கிடைத்தால் மேடை வரை ஏறலாம். முதல் படியில் நின்றது யார்? ஃப்ரூமின் சொந்த அணிக்காரர், அந்த வருடம் ஜீரோ பக்கமே போகாத கெரெயின்ட் தாமஸ்.

டூர்–வுவெல்டா பக்கம் வந்தால் காட்சி மாறுகிறது. 2016இல் டூரில் மூன்றாவது வந்த கின்டானா வுவெல்டாவை வென்றார். டூரை வென்ற ஃப்ரூம் அங்கே இரண்டாவது. 2017இல் அதே ஃப்ரூம் இரண்டையும் வென்றார். 2020இல் பிரிமோஸ் ரோக்லிச் டூரில் இரண்டாவது, வுவெல்டாவில் முதலாவது. யோனாஸ் விங்கெகார் 2023இல் டூர் முதலிடம், வுவெல்டா இரண்டாமிடம். 2025இல் டூர் இரண்டாமிடம், வுவெல்டா முதலிடம். எல்லாம் பத்து வருடத்துக்குள் நடந்தவை.

ஏன் இந்த வித்தியாசம்? களைப்பு என்பது தனி ஒருவரின் கணக்கு என்று நாம் நினைத்துக்கொள்வதால்தான் இது புதிராகத் தெரிகிறது. ஜீரோவிலிருந்து டூருக்கு வருகிறவர், வருடம் முழுக்க அந்த மூன்று வாரத்துக்காகவே உடம்பைச் சீவி வைத்திருக்கும் ஆட்களோடு மோதுகிறார். அவர்களில் பெரும்பாலோர் புதுக்காலோடு நிற்பார்கள். டூரிலிருந்து வுவெல்டாவுக்குப் போகிறவரைச் சுற்றி நிற்பவர்களிலோ பாதிப் பேர் தன்னைப் போலவே நொந்தவர்கள். மீதியில் பலர் டூர் அணியில் இடம் கிடைக்காதவர்கள் அல்லது காயத்திலிருந்து தேறி வருபவர்கள். எல்லாருக்கும் கால் வலிக்கும்போது, கொஞ்சம் குறைவாக வலிப்பவர் ஜெயிக்கிறார்.

அப்படியானால் 2024? அந்த வருடம் ததேய் போகாச்சார் ஜீரோவில் ஆறு கட்டங்களை வென்று 9 நிமிடம் 56 விநாடி வித்தியாசத்தில் பட்டத்தை எடுத்தார்; 34 நாள் கழித்துத் தொடங்கிய டூரிலும் ஆறு கட்டங்கள், 6 நிமிடம் 17 விநாடி. பழைய பாடமெல்லாம் பொய் என்று அன்றைக்குப் பலர் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஜீரோவில் அவருக்கு ஈடாக ஆள் இல்லை. பத்து நிமிடம் முன்னால் இருப்பவர் எந்த நாளில் எவ்வளவு செலவழிப்பது என்பதைத் தானே முடிவு செய்யலாம். 2018 ஜீரோவை 46 விநாடியில் ஜெயித்த ஃப்ரூமுக்கு அந்த வசதி இல்லை. அதோடு ஏப்ரல் 4ஆம் தேதி பாஸ்க் நாட்டுப் பந்தயத்தின் ஒரே வளைவில் விங்கெகார், ரோக்லிச், ரெம்கோ எவனபூல் மூவரும் விழுந்தார்கள். விங்கெகாருக்குக் காறையெலும்பும் விலாவும் முறிந்து நுரையீரலில் காற்றுக் கசிவு வேறு. அதாவது அந்த ஜூலையில் எதிராளிகளும் புதுக்காலோடு வரவில்லை. இதைச் சொல்வதால் போகாச்சாரின் ஓட்டம் சிறுத்துவிடாது; பிளாட்டோ தெ பெயில் ஏற்றத்தில் பான்டானியின் பழைய நேரத்தை அவர் நிமிடக் கணக்கில் உடைத்தார். ஆனால் அவரைப் பார்த்து இன்னொருவர் ஜீரோ–டூர் அறிவித்தால், அவர் டூரை வெல்வார் என்று நான் நம்பமாட்டேன்.

டூர் மட்டும் என்ற வழி பாதுகாப்பானதா? பெரும்பாலும் ஆம், ஆனால் அதற்குள்ளும் இரண்டு பிரிவு. ஒன்று விங்கெகார் வழி: வசந்தத்தில் ஒருவாரப் பந்தயங்கள் சில, உயரமான மலை முகாம், டூர். மற்றது போகாச்சார் வழி: மார்ச், ஏப்ரல் மாதங்களின் ஒருநாள் பந்தயங்களில் எல்லாம் வெற்றிக்கு ஓடுவது. 2023 ஏப்ரலில் லியேஜ் பந்தயத்தில் விழுந்து போகாச்சார் மணிக்கட்டை முறித்துக்கொண்டதில், டூருக்கான பயிற்சியும் சேர்ந்து முறிந்தது.

அந்த வருட டூர்தான் கணிப்பு வேலைக்கு நல்ல பாடம். பதினைந்து கட்டங்கள் முடிந்தபோது விங்கெகார் முன்னிலை வெறும் 10 விநாடி. இரண்டு வாரம் மலை மலையாக ஏறியும் இருவரையும் பிரிக்க முடியவில்லை. ஓய்வு நாள் முடிந்து கோம்ப்ளூவுக்கு 22.4 கிலோமீட்டர் தனிநேர ஓட்டம் (ஒவ்வொருவராகத் தனியே கிளம்பி நேரத்தோடு மோதுவது): விங்கெகாருக்கு 1 நிமிடம் 38 விநாடி லாபம். மறுநாள் கோல் தெ லா லோஸ் கணவாய். போகாச்சார் அன்றைக்குக் காலையிலேயே விழுந்து முட்டி சிராய்த்திருந்தார். ஏற்றத்தில் முகம் வெளுத்து, வெள்ளை ஜெர்சியின் ஜிப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு, ரேடியோவில் “நான் போய்விட்டேன், செத்துவிட்டேன்” என்று அணிக்குச் சொன்னார். அன்று ஒரே நாளில் போனது 5 நிமிடம் 45 விநாடி. மணிக்கட்டு முறிந்ததால் பயிற்சியில் விழுந்த ஓட்டை இரண்டு வாரம் மறைந்து கிடந்து, மூன்றாம் வாரத்தில் வெளியே வந்தது என்பது என் கணிப்பு.

2022 டூரில் கிரானோன் ஏற்றத்தில் நடந்தது வேறு மாதிரி. அது பதினோராம் கட்டம். மூன்றாம் வாரமே இல்லை. முந்தைய கணவாய்களில் ரோக்லிச்சும் விங்கெகாரும் மாறி மாறித் தாக்க, முன்னிலைக்கான மஞ்சள் ஜெர்சியில் இருந்த போகாச்சார் ஒவ்வொன்றுக்கும் தானே பதில் சொன்னார். கடைசி ஏற்றத்தில் கால் விட்டுவிட்டது. 2 நிமிடம் 51 விநாடி போயிற்று. நாள்பட்டுச் சேரும் களைப்பு வேறு, ஒரு மத்தியானத்துக்குள் ஆளைக் காலி செய்யும் களைப்பு வேறு. இரண்டாவதை எதிரணி திட்டம் போட்டு வரவழைக்கலாம். அதனால் ஒருவரை எடைபோடும்போது அவருடைய அணியில் மலையில் கடைசி வரை நிற்கும் ஆட்கள் எத்தனை பேர் என்று பார்க்கிறேன்.

மற்றபடி கணிக்க எதை நம்புவது? 2025 வரை டோஃபினே என்ற பெயரில் நடந்த ஜூன் மாதத்துப் பிரெஞ்சுப் பந்தயத்தைப் பலரும் சொல்வார்கள். 2012 முதல் 2025 வரை பதினான்கு டோஃபினேக்களில் ஏழு முறை அங்கே வென்றவர் அதே வருடம் டூரையும் வென்றார்: விக்கின்ஸ், ஃப்ரூம் மூன்று முறை, தாமஸ், விங்கெகார், போகாச்சார். சரி பாதி. ஆனால் அது ஒருவாரப் பந்தயம். மூன்றாம் வாரத்தைப் பற்றி அதனிடம் கேட்டால் பதில் கிடைக்காது.

கடைசி ஏற்றத்தில் உடல் எடை கிலோவுக்கு எத்தனை வாட்ஸ் சக்தி என்ற கணக்கும் அப்படித்தான். காலையில் புதுக்காலில் இருபது நிமிடம் கொடுக்கும் வாட்ஸில், ஐந்து மணி நேரம் ஓட்டிய பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் ஆட்களைப் பிரிக்கிறது. மலை நாளில் ஒரு வீரர் ஐயாயிரம் ஆறாயிரம் கலோரி எரிப்பார். முன்பு மணிக்கு 60 கிராம் மாச்சத்து போதும் என்றிருந்தார்கள். இப்போது 100, 120 கிராம் வரை குடலைப் பழக்குகிறார்கள். அதில் கொஞ்சம் சோறாகவே போகிறது: குழைய வேகவைத்த அரிசியைத் தட்டில் அழுத்தி, துண்டு போட்டு, அலுமினியத் தாளில் சுற்றி ஜெர்சியின் பின்பைக்குள் வைத்து அனுப்புவார்கள். சாப்பாடு இவ்வளவு தேறியதால் தினக் களைப்பு குறைந்திருக்கிறது. நாள்பட்ட களைப்பு அப்படியே இருக்கிறது. மூன்றாம் வாரத்தில் எவ்வளவு மிதித்தாலும் இதயத் துடிப்பு மேலே ஏற மறுக்கும். அணி மருத்துவர் அதைத் திரையில் பார்த்துவிடுவார், நாம் பார்க்க முடியாது.

நமக்குத் தெரிவது சின்னச் சின்ன நழுவல்கள்தான். 2018 ஜீரோவில் சைமன் யேட்ஸ் முன்னிலைக்கான இளஞ்சிவப்பு ஜெர்சியைப் பதின்மூன்று நாள் போட்டிருந்தார், மூன்று கட்டங்களை வென்றார், தேவையில்லாத நாட்களில்கூடத் தாக்கினார். பதினெட்டாம் கட்டத்தில் பிராட்டோ நெவோசோ ஏற்றத்தில் 28 விநாடி நழுவியது. மறுநாள் ஃபினெஸ்ட்ரே கணவாயின் மண் பாதையில் ஃப்ரூம் 80 கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போதே தனியாகக் கிளம்ப, யேட்ஸ் 38 நிமிடத்துக்கு மேல் இழந்தார். 2025 ஜீரோவில் அதே ஃபினெஸ்ட்ரேவுக்கு யேட்ஸ் மொத்த நேரத்தில் 1 நிமிடம் 21 விநாடி பின்தங்கி, மூன்றாம் இடத்தில் இருந்தபடி வந்து சேர்ந்தார். அதுவரை ஒரு கட்டம்கூட வெல்லவில்லை. முன்னால் இருந்த டெல் டோரோவும் கரபாஸும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருக்க, இவர் ஏறிப் போய்விட்டார். மேலே அவருடைய அணிக்காரர் வான் ஆர்ட் காத்திருந்து இழுத்துக் கொடுத்தார். பட்டம் 3 நிமிடம் 56 விநாடியில். கையோடு ஜூலையில் டூருக்கு வந்தார், உதவியாளராக. பட்டம் கனவில் இல்லாததால் மற்ற நாட்களில் பின்தங்கிக் காலைச் சேமித்து, பத்தாம் கட்டத்தை வென்றார். ஜீரோ ஓட்டிய காலை டூரில் செலவழிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மூன்று பெரிய பந்தயத்தையும் 2023இல் ஓட்டிய செப் குஸ் வுவெல்டாவை வென்றதற்கும் இதே பின்னணிதான்: முதல் இரண்டிலும் அவர் மற்றவருக்கு உழைத்தவர், தன் இடத்தைக் காக்கத் தினமும் உயிரை விட வேண்டியிருக்கவில்லை.

ஆக என் வரிசை: டூருக்கு, அந்த வருடம் ஜீரோவில் பட்டத்துக்கு மோதாதவர் முதலில். வுவெல்டாவுக்கு, டூரில் முதல் மூன்றுக்குள் முடித்தவரைத் தயங்காமல் எடுக்கலாம். அவரையும் விட நல்ல பந்தயக் குதிரை ஒன்று உண்டு. கொன்டடோர் 2014, ரோக்லிச் 2021, மறுபடி ரோக்லிச் 2024: மூன்று முறையும் டூரில் பாதியில் விழுந்து வெளியேறியவர் வுவெல்டாவை வென்றிருக்கிறார். ஜூலையில் வீட்டுக்குப் போகிறவர்களின் பெயரைக் குறித்து வையுங்கள்.