சுருளும் பெல்ட், முன்கொக்கி பிரா: வேலூர் வெயிலில் ஒரு வருடம்

இந்த வயிற்று பெல்ட் நாம் நின்றால் சாது. உட்கார்ந்தால் மேல் விளிம்பு சுருண்டு, கயிறுபோல் முறுகி, விலாவுக்குக் கீழே அழுத்தும். எழுந்து இழுத்துவிட்டால் சரியாகும். மறுபடி உட்கார்ந்தால் மறுபடி சுருளும். வயிற்று பெல்ட் எப்படி என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். வாலாஜாபேட்டைத் தோழி போனில் கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன். அவளுக்கு அடுத்த மாதம் மார்பக மறுசீரமைப்பு அறுவை. எந்த கம்பெனி, எந்த சைஸ், எத்தனை வாங்கட்டும் என்று மூன்றே கேள்விதான் கேட்டாள். பதில் சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. "நீ எழுதியே அனுப்பிவிடு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்குச் செய்ததும் அவளுக்குச் செய்யப்போவதும் ஒரே முறை: டீப் ஃபிளாப். அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோடு எடுத்து, மேலே உள்ள ரத்தக்குழாயோடு இணைத்துப் புது மார்பு அமைப்பது. ஆகவே மேலே ஒரு காயம். கீழே இந்த இடுப்பெலும்பிலிருந்து அந்த இடுப்பெலும்பு வரை இன்னொரு காயம். மேலே அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரெஷன் பிரா, கீழே பெல்ட். விவரம் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இந்த பெல்ட்டைத் தயாரித்தவர்கள் நிற்கும் பெண்ணை மட்டுமே கற்பனை செய்திருக்கிறார்கள். பெட்டிமேல் உள்ள படத்திலும் அவள் நிமிர்ந்து நின்று சிரிக்கிறாள். வயிற்றில் இவ்வளவு தோலை எடுத்துவிட்டு மீதியை இழுத்துத் தைத்தபின் யாரால் நிமிர முடியும்? முதல் சில வாரங்கள் குனிந்துதான் நடக்க வேண்டும், முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத்தான் படுக்க வேண்டும். குனிந்த உடம்பில் எந்த அகலப் பட்டையும் சுருளத்தான் செய்யும். காட்பாடியிலிருந்து பாகாயம் வரை டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து இறங்கினால் பெல்ட்டின் அகலம் பாதியாகியிருக்கும். வெறும் அசௌகரியம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். சுருண்ட விளிம்பு மேலே ஏறினால் புது மார்பின் அடிமடிப்பில் போய் முட்டுகிறது. எந்த இடத்தை அழுத்தவே கூடாது என்று டாக்டர் சொன்னாரோ அதே இடம்.

அதைவிட மோசம், முட்டுவது நமக்குத் தெரியாது. அறுவையில் சிறு நரம்புகள் அறுபடுவதால் அடிவயிற்றிலும் மார்பிலும் தோல் மரத்துப்போகும். சிலருக்கு உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும், மாதக்கணக்கில் ஆகும்; சில இடங்களில் திரும்பாமலே போகலாம். இந்த விஷயத்தில் எனக்குப் புத்தி சொன்னது பெட்டியில் வந்த குறிப்புத்தாள் இல்லை. கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் நர்சாக இருந்து ஓய்வுபெற்ற அத்தை. ஒரு கைக்கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்து, "ராத்திரி பெல்ட்டைக் கழற்றியதும் தோலைப் பார். வலிக்கவில்லை என்பதை நம்பாதே" என்றார்.

அத்தையின் உத்தியோகமே இதுதான். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாததால் சூடும் வெட்டும் அழுத்தமும் அவற்றைச் சிதைக்கின்றன என்பதை 1940களில் வேலூருக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் எடுத்துக்காட்டினார். உணர்ச்சியற்ற பாதங்களுக்கென்று மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு செய்து கொடுத்த இடம் கரிகிரி. தினமும் பாதத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லிச் சொல்லியே அத்தைக்கு வயதாகிவிட்டது. அந்தப் பாடத்தை என் வயிற்றுக்கும் பொருத்தினார். முதல் நாளே கண்ணாடியில் தெரிந்தது, விலா ஓரமாக ஒரு விரல் நீளச் சிவப்புக் கோடு. எனக்கு ஒன்றுமே உறைத்திருக்கவில்லை. வயிறு பிடித்துக்கொண்டது என்று யாராவது வெந்நீர்ப் பையோடு வந்தால் அவர்களையும் வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும். மரத்த தோல் சூட்டில் வெந்தாலும் நமக்குத் தெரியாது.

புடவை கட்டுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பாவாடை நாடா கட்டும் இடமும் கீழ்த் தழும்பு ஓடும் இடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெல்ட்டுக்கு மேல் நாடாவைக் கட்டினால் சுருளல் இரட்டிப்பாகிறது, பெல்ட் இல்லாமல் கட்டினால் தழும்பை அறுக்கிறது. பெட்டிக்காரருக்குப் புடவை என்ற உடை இருப்பதே தெரியாதோ என்னவோ. நான் தளர்வான நைட்டிக்குப் போனேன். வெளியே கிளம்பும்போது எலாஸ்டிக் வைத்த பாவாடை.

இதில் வெயிலையும் சேர்க்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் எப்படி இருக்கும் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நைலானும் ஸ்பாண்டெக்ஸும் கலந்த துணி வேர்வையை உறிஞ்சாது, உள்ளேயே வைத்துக்கொள்ளும். கறுப்பு பெல்ட்டில் மாலைக்குள் உப்புக் கோடுகள் படிந்துவிடும். உள்ளே மெல்லிய பருத்தி பனியன் போட்டு அதன்மேல் பெல்ட் கட்டினேன், டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான். பனியனில் மடிப்பு விழாமல் இழுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அந்த மடிப்பும் கோடு போடும். இந்த ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று போகும். அந்தப் பட்டியலில் பெண்களின் அழகையும் இழுத்திருக்கிறார்கள். அதைச் சொன்ன ஆண்பிள்ளை மே மாதத்தில் இந்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டு லாங் பஜாரை ஒரு சுற்று சுற்றி வரட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம்.

வெயிலால் ஒரு நன்மை, நிழலில் போட்டாலே துணி சீக்கிரம் காய்ந்துவிடும். நேர்வெயிலில் போடாதீர்கள், எலாஸ்டிக் செத்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் மென்மையான சோப்பு. முறுக்கிப் பிழிய வேண்டாம், இஸ்திரி வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு திட்டிவிட்டு நியாயத்தையும் சொல்ல வேண்டும். பெல்ட் இல்லாமல் இரும முடியாது. கட்டிலிலிருந்து எழும்போது வயிறு தனியாகக் கீழே விழுந்துவிடும் போலிருக்கும். கட்டிக்கொண்டால் அந்தப் பயம் இல்லை. வீக்கம் வடிந்தது, நீர் கோக்கவில்லை, தையல் பிரியவில்லை. எதற்காக வாங்கினேனோ அதைக் குறைவில்லாமல் செய்தது. குடியாத்தத்தில் ஒரு தையல்காரம்மாவிடம் கொடுத்து, சுருளாமல் இருக்க இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பட்டை வைத்துத் தைத்தும் பார்த்தேன். கொஞ்ச காலம் அடங்கியிருந்தது. பிறகு பட்டையின் முனை துணியைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது. மரத்த தோலுக்குப் பக்கத்தில் கூர்முனையா என்று அத்தை அன்றே அதைப் பிரித்துப் போட்டுவிட்டார்.

பிராவின் கதை வேறு. முதல் சில நாட்கள் மார்பின்மேல் எதுவும் இறுக்கக் கூடாது. புதிதாக இணைத்த ரத்தக்குழாயில் ஓட்டம் தடைபட்டால் வைத்ததே கெட்டுவிடும்; நர்ஸ் வந்து வந்து நிறம் பார்த்து, தொட்டுச் சூடு பார்த்து, டாப்ளர் கருவியில் ரத்த ஓட்டத்தின் ஓசை கேட்டுவிட்டுப் போவார். அதனால், தோழி, பிராவை முன்கூட்டியே வாங்கி வைக்காதே. எப்போது, எவ்வளவு இறுக்கம் என்று டாக்டர் சொன்னபின், வீக்கத்தோடு அளவெடுத்து வாங்கு. கம்பி வைத்தது கூடாது.

கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாத நாட்களில் முன்பக்கம் கொக்கி வைத்த அந்த பிராவை நானே போட்டு நானே கழற்றினேன். சோறு, குளியல், தலைவாரல் எல்லாவற்றுக்கும் இன்னொருவர் கை தேவைப்பட்ட வீட்டில் இது ஒன்றுதான் என் கையில் இருந்தது. மூன்று வரிசைக் கொக்கி. வீக்கம் வடிய வடிய ஒவ்வொரு வரிசையாக உள்ளே நகர்ந்தேன். காயத்து நீரை வடிக்கும் டிரெயின் குழாயின் குமிழைப் பொருத்த அடியில் ஒரு வளையமும் இருந்தது. யார் யோசித்து வைத்தார்களோ, நன்றாயிருக்கட்டும்.

இப்போது அதன் எலாஸ்டிக் தளர்ந்துவிட்டது, ஒரு கொக்கி துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. தோல் நிறம் என்று எழுதி விற்கிறார்கள். வடாற்காட்டில் அந்த நிறத்துத் தோலை நான் இன்னும் பார்க்கவில்லை. மருத்துவக் காரணம் எதுவும் மிச்சமில்லாதபோதும் ரயில் பயணத்துக்கும் வீடு துடைக்கும் நாளுக்கும் அதைத்தான் தேடி எடுக்கிறேன்.

கடைசியாக, மதிப்பெண்ணும் போட்டுவிடுகிறேன். துருப்பிடித்த பிராவுக்கு ஐந்துக்கு ஐந்து. சொன்ன வேலையைப் பழுதில்லாமல் செய்த பெல்ட்டுக்கு ஒன்று, அதுவும் இருமலுக்காக. பிரா இரண்டு வாங்கு, ஒன்று துவைப்பில் இருக்கும்போது மற்றதைப் போடலாம். பெல்ட்டும் இரண்டு வாங்கித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. கைக்கண்ணாடி வாங்க வேண்டாம், என்னுடையதைக் கொடுத்தனுப்புகிறேன்.