ஒரு பவுண்டுக்குச் சிவப்புக் கூண்டு: கே6 வாங்கலாமா?

பிரிட்டன் கிராமங்களில் நிற்கும் சிவப்பு டெலிபோன் பூத்களில் பெரும்பாலானவை கே6 ரகம். மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழாவை ஒட்டி, 1935இல் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்தது. யாரும் பேசாமல் கிடக்கும் பூத்களை 2008 முதல் பிரிட்டனின் தொலைபேசி நிறுவனமான பி.டி. ஊர் மன்றங்களுக்கு 1 பவுண்டுக்குத் தருகிறது. போனைக் கழற்றிக்கொள்வார்கள், கூடு ஊருக்கு. விலை மலிவுதான், காசு பெயின்ட் வேலையில் போகும்.

கட்டுமானத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. முக்கால் டன் வார்ப்பிரும்பு, தேக்குக் கதவு, பக்கத்துக்கு 24 வீதம் மூன்று பக்கமும் 72 கண்ணாடிகள். நெற்றியில் இருப்பது வளைவுகள் உருண்டு நிற்கும் டியூடர் கிரீடம் என்றால் 1953க்கு முந்தைய வடிவம்.

கெடுவதெல்லாம் அடியில். சருகும் மண்ணும் சேர்ந்து ஈரம் தங்கி, அடிச்சட்டத்தைத் துரு தின்னும். முதலில் அங்கே தட்டிப் பாருங்கள். அடுத்தது கதவின் தோல் வார். அது அறுந்தால் காற்றில் கதவு பின்னால் அடித்து, கீலைப் பிடுங்கிவிடும். வார் மாற்றுவது சின்ன வேலை, தள்ளிப்போடாதீர்கள்.

பழைய பூச்சில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்வாகத் தேய்த்தால் ஈயத்தூள் மூச்சில் போகும்; நனைத்துத் தேய்த்து, சுரண்டியதைத் தனியாகச் சேகரித்து அகற்ற வேண்டும். வெறும் இரும்பு ஈரக்காற்றில் உடனே துருவேறும். ஆகவே சுரண்டிய அன்றே ஜிங்க் பாஸ்பேட் பிரைமர், பிறகு அண்டர்கோட், அதன்மேல் பளபளப்பு (கிளாஸ்) பெயின்ட் இரண்டு கை. கண்ணுக்குப் பட்ட சிவப்பை அடிக்காதீர்கள்: பிரிட்டிஷ் தர நிர்ணய நிற அட்டவணையான பி.எஸ். 381சியில் 539ஆம் எண்தான் சரி.

உள்ளே நூலகம் வைப்பது பிரபலம், ஆனால் நம் பார்வையில் மோசமான தேர்வு. சூடேற்ற வழியில்லை, குளிர்காலத்தில் கண்ணாடியில் நீர் கோத்துப் புத்தகம் உப்பும். காற்றுத் துளைகளைப் பெயின்டால் அடைத்துவிட்டால் இன்னும் கேடு. இதயம் நின்றவருக்கு அதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டர் வைப்பதே நல்லது. அதன் பெட்டியைக் குளிரில் சூடாக வைக்க மின்சாரம் தேவை. இணைப்பு தொடருமா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே பி.டி.யிடம் கேளுங்கள்.

இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் கிரேடு 2 பட்டியலில் உள்ள பூத் என்றால், அதன் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் உள்ளாட்சித் திட்டத் துறையின் அனுமதி முன்கூட்டியே வேண்டும்; நிறத்தை மாற்றுவதும் அதில் சேரும்.

ஊரில் செல்போன் சிக்னல் சரியில்லையா? அவசரப்பட்டு வாங்காதீர்கள். நான்கு செல்போன் நெட்வொர்க்குகளில் ஒன்றாவது எடுக்காத இடத்து பூத்துக்கும், 12 மாதத்தில் 52 அழைப்பாவது போன பூத்துக்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2022இல் வகுத்த விதிகளில் பாதுகாப்பு உண்டு. பூத்தை ஊர் வாங்கிக்கொண்டால் போன் போய்விடும்.