பதில் சொல்லும் கேப், களிம்பு பிடிக்கும் முனை: எலக்ட்ரானிக் டெட்டனேட்டருடன் ஆறு வருடம்

எலக்ட்ரானிக் டெட்டனேட்டர்களை, அதாவது குழியில் வெடிமருந்தைத் தூண்டும் கேப்புகளை, ஒவ்வொன்றாகச் சோதித்துப் பதியும் லாகர் கருவி பழுது பார்க்கப் போய் 41 நாள் கழித்து நேற்று திரும்பி வந்தது. பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே, என்னிடம் தொழில் கற்று இப்போது சிவகங்கைப் பக்கம் ஒரு குவாரியில் வெடி வேலை பார்க்கும் தம்பி போன் செய்தான். "அண்ணே, முதலாளி எலக்ட்ரானிக்குக்கு மாறலாமா என்று கேட்கிறார். என்ன சொல்லட்டும்?" கையில் பில்லும் பார்சலுமாக நின்றவன், "வேண்டவே வேண்டாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அது முழுப் பதில் இல்லை என்று இரவெல்லாம் உறுத்தியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவன் முதலாளி கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் மின் டெட்டனேட்டர்களைத் தயாரிக்கவும் வைத்திருக்கவும் இறக்குமதி செய்யவும் தடை வந்துவிட்டது. இனி மின்சாரம் இல்லாமல் குழாய் வழியாகத் தூண்டும் நோனல், இல்லாவிட்டால் சிப் வைத்த எலக்ட்ரானிக்.

எங்கள் வேலை கொஞ்சம் வேறு மாதிரியானது. மூக்கையூர், ஏர்வாடிக் கரைகளில் கடல் அரிப்பைத் தடுக்கப் போடும் தூண்டில் வளைவுகளுக்கு இரண்டு டன், மூன்று டன் கல் எடுத்துக் கொடுக்கிறோம். இந்தக் கரையில் கருங்கல் கிடையாது. தோண்டினால் மணல், அதற்கும் கீழே போனால் சுண்ணாம்புப் பாறை. கல்லுக்கு விருதுநகர் மாவட்டத்துக்குள்தான் போக வேண்டும். டெட்டனேட்டரும் வெடிமருந்தும் அங்கே குவாரியின் உரிமம் பெற்ற மேகசினில், அதாவது வெடிமருந்துக் கிடங்கில் இருக்கும். லாகரும் வெடிப்புக் கருவியும் கடலோரம் கல் இறக்கும் களத்தில், ஒப்பந்ததாரர் அலுவலக இரும்புப் பெட்டியில் இருக்கும். வெடி நாளில் ஜீப்பில் எடுத்துப் போவோம். என் வயிற்றெரிச்சல் முழுவதும் இந்த ஏற்பாட்டில்தான் தொடங்குகிறது.

அதற்கு முன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

என் தகப்பனார் கமுதிப் பக்கம் கிணற்று வெட்டுக்குத் திரி வெடி வைத்தவர். 1831-இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் வில்லியம் பிக்ஃபோர்டு உருவாக்கிய அதே பாதுகாப்புத் திரிதான். திரியின் நீளமும் அவர் கால் வேகமும்தான் அவருக்கு நேரக் கணக்கு. நான் தொழிலுக்கு வந்தபோது மின் கேப். பிறகு ஸ்வீடனில் பெர்-ஆண்டர்ஸ் பெர்சன் கண்டுபிடித்த நோனல் குழாய் வந்தது. நொடிக்கு ஏறத்தாழ 2,000 மீட்டர் வேகத்தில் அதிர்வலை ஓடும் அந்த மஞ்சள் குழாய், இடிமின்னலுக்கும் கசிவு மின்சாரத்துக்கும் பயந்த எங்களைப் பெரிய பயத்திலிருந்து விடுவித்தது. அதை நான் என்றும் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் மின் கேப்பானாலும் நோனலானாலும் தாமதம் என்பது கேப்புக்குள் எரியும் ஒரு சிட்டிகைப் பொடிதான். பொடி எல்லாக் கேப்பிலும் ஒரே வேகத்தில் எரியாது. 500 மில்லி செகண்ட் என்று எழுதியிருக்கும் கேப் 490-இலும் வெடிக்கும், 510-இலும் வெடிக்கும். குழிக்குக் குழி 17 மில்லி செகண்ட் இடைவெளி வைத்து நாம் கட்டிக்கொண்டு போனால், உள்ளே இரண்டு குழி சேர்ந்தே வெடித்திருக்கும். சில நேரம் முன்பின்னாகவும் போயிருக்கும். வெளியிலிருந்து கேட்பவனுக்கு ஒரே சத்தம். கல் குவியலைப் பார்த்த பிறகுதான் ஏதோ கோளாறு என்று தெரியும்.

எலக்ட்ரானிக்கில் பொடிக்குப் பதில் ஒரு சிப் எண்ணுகிறது. 1980-களிலேயே ஆய்வில் இருந்த யோசனை. பெரிய சுரங்கங்களில் அன்றாடப் பொருளானது 2000-ஐ ஒட்டித்தான். ஒவ்வொரு கேப்புக்கும் தனி எண் உண்டு, தனக்கென்று மின்சாரம் சேர்த்து வைக்கும் ஒரு கெபாசிட்டர் உண்டு. ஒரு மில்லி செகண்ட் படியில் நாமே நேரம் கொடுக்கலாம். உத்தரவு போன பிறகு மேலே வயர் அறுந்தாலும் அந்தக் கேப் தன் நேரத்துக்குத் தானே வெடிக்கும்.

பெருங்கல்லுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஜல்லி எடுப்பவர்களுக்குப் புரிவது கடினம். எங்களுக்குப் பாறை நொறுங்கக் கூடாது. பக்கத்துப் பக்கத்துக் குழிகள் உண்மையிலேயே ஒரே கணத்தில் வெடித்தால்தான் குழிக்குக் குழி விரிசல் ஓடி, பாறை பாளமாகப் பிரியும். அதே சமயம் எல்லாம் ஒன்றாக வெடித்தால் தரை அதிரும். எட்டு மில்லி செகண்டுக்குள் வெடிப்பதையெல்லாம் ஒரே மருந்தாகக் கணக்கிடுவது தொழிலின் பழைய வழக்கம். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997-இல் வகுத்த அளவுப்படி, சாதாரண வீடுகளுக்கு அதிர்வு 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே 5 மில்லிமீட்டரையும், 8 முதல் 25 வரை 10-ஐயும், அதற்கு மேல் 15-ஐயும் நொடிக்குத் தாண்டக் கூடாது. நாங்கள் இப்போது மூன்று மூன்று குழியாக ஒரே மில்லி செகண்டில் வைத்து, அடுத்த மூன்றைத் தெளிவாகத் தள்ளி வைக்கிறோம். பொடிக் கேப்பில் இதைக் காகிதத்தில் எழுதலாம், பாறையில் செய்ய முடியாது.

குவாரிக்குக் கிழக்கே ஓட்டு வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். நோனல் காலத்தில் ஒவ்வொரு வெடிக்கும் மறுநாள் என்னைக் கூப்பிட்டு அடுக்களைச் சுவரைக் காட்டுவார். விரிசல் முடியும் இடத்தில் அடுப்புக் கரியால் குறுக்கே ஒரு கோடு போட்டு வைத்திருப்பார்; அடுத்த வெடியில் விரிசல் கோட்டைத் தாண்டியிருக்கும்; அங்கே இன்னொரு கோடு. ஐந்து கோடுகள் ஏணிப்படி மாதிரி மேலே ஏறியிருந்தன. எலக்ட்ரானிக் வந்த பிறகு ஆறாவது கோடு போட அவருக்கு வேலை வரவில்லை. எந்த அதிர்வுமானிக் காகிதத்தையும்விட அந்த ஐந்தாவது கோட்டைத்தான் நான் நம்புகிறேன்.

இன்னொன்று இதற்கும் மேலே. நோனல் நாட்களில் ஒருமுறை, வெடி முடிந்து, பார்த்து, சங்கு ஊதிய பிறகு ஹிட்டாச்சி வாளி கல்லை அள்ளித் தூக்கியது. வாளிப் பல்லில் மஞ்சள் குழாய் தொங்கியது. அதிர்வலை ஓடிய தடமே குழாயில் இல்லை. தீ பிடிக்கவே இல்லை. அதன் மறுமுனை எங்கோ கல்லுக்குள், கேப்போடு. ஓட்டுநர் வாளியை அப்படியே அந்தரத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான்தான் நடந்து போனேன். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது வெடிக்கும் முன்பே ஒவ்வொரு கேப்பும் 'இருக்கிறேன்' என்று பதில் சொல்கிறது. போன மாதத்துக்கு முந்தைய மாதம் 17-ஆம் குழி பதில் சொல்லவில்லை. வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். கவ்வியின் மூடிக்கு அடியில் ஒரு கல் துணுக்கு, அரிசி அளவுதான், மாட்டியிருந்தது. எடுத்துவிட்டு அழுத்தினேன். திரையில் 17 வந்துவிட்டது. இதனால் வெடித்த பிறகு பார்வையிட வேண்டாம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் இன்றும் பழைய மாதிரியே ஒவ்வொரு குழியாகப் பார்க்கிறேன். ஆனால் குருட்டு நடை நடக்கவில்லை.

இனி கோபம்.

லாகரின் கேபிள் செருகும் இடத்தில் இரண்டு உலோக முனைகள். வாலிநோக்கத்தில் உப்பு விளைகிற அதே காற்றுதான் எங்கள் அலுவலகத்திலும் வீசுகிறது. சோழகக் காற்று தொடங்கியதும் அந்த முனைகளில் களிம்பு பிடிக்கும். பாசி மாதிரி பச்சையாக, விரல் வைத்தால் ஒட்டும். அதன் பிறகு கருவி 'கசிவு' என்று எச்சரிக்கும். கசிவு குழியிலா, வயரிலா, தன் வாயிலேயேவா என்று மட்டும் சொல்லாது. 22 குழியையும் கழற்றிக் கழற்றிப் பார்ப்போம். வெயிலில் திரை தெரியாது. துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு படிப்பேன். லாரிகள் வரிசையில் நிற்கும், சாலையில் சிவப்புக் கொடியோடு நிற்பவருக்கு வண்டிக்காரர்களிடம் ஏச்சு. கடைசியில் குற்றவாளி அந்த இரண்டு முனைகள்தான். ஆறு வருடத்தில் இது நின்ற பருவமே இல்லை. பழைய பல் துலக்கும் பிரஷ், ஸ்பிரிட், மூடி இறுக்கமான அரிசி வாளி, அதற்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் என்று என்னால் முடிந்ததெல்லாம் செய்கிறேன்.

இந்த முறை முனை அரித்தே போய்விட்டது. அனுப்பினோம். 41 நாள். 'உப்பு ஈரத்தால் ஏற்பட்ட சேதம், உத்தரவாதத்தில் வராது' என்று ஒரு வரி, அதற்குக் கீழே தொகை. ராமநாதபுரம் மாவட்டத்துக்காரனுக்கு விற்கும்போது உப்புக்காற்று தெரியாதா? முனைக்கு ஒரு ரப்பர் மூடி வைக்க எவ்வளவு ஆகிவிடும்? கேப் ஒன்றுக்கு நோனலைப் போலப் பல மடங்கு விலை வாங்கிக்கொள்கிறார்கள். அந்த 41 நாளும் நோனலுக்குத் திரும்பினோம். இரண்டு வெடியில் கல் நொறுங்கி, பாதி ஜல்லிக்குத்தான் போனது. பாட்டி வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. போக மனம் வரவில்லை.

ஆகவே தம்பி, இப்போது வாங்க வேண்டாம் என்று உன் முதலாளியிடம் சொல். மதுரையிலாவது பழுது பார்க்கும் ஆள் வைக்கட்டும், பழுது நாட்களுக்கு மாற்றுக் கருவி தருவதாக எழுத்தில் கொடுக்கட்டும், பிறகு யோசிக்கலாம். உன் ஊரில் உப்புக்காற்று இல்லை என்று நீ சொல்வாய். இருக்கட்டும், எனக்கு இன்று மனம் ஆறவில்லை.

வியாழக்கிழமை எங்களுக்கு 22 குழி இருக்கிறது, எலக்ட்ரானிக்கில்தான். காலை 6 மணிக்கு ஜீப் கிளம்பும். வந்து பார்ப்பதாக இருந்தால் வா. வெடி முடிந்ததும் பாட்டி வீட்டுக்குப் போகிறேன். அந்தச் சுவரைப் பார்க்க வேண்டும்.