விஞ்செஸ்டர் மாடல் 12: கேட்டது இரண்டு லட்சம், தகும் விலை எவ்வளவு?

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு பண்ணை வீட்டில் விலைக்கு வந்திருந்த 12 போர் பம்ப் துப்பாக்கியை, சம்பா அறுவடை முடிந்த கையோடு, மாசி மாதத்தில் ஒரு முற்பகல் முழுவதும் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். அமெரிக்க விஞ்செஸ்டர் நிறுவனத்தின் மாடல் 12 அது; குழலுக்கு அடியில் உள்ள முன்கட்டையைப் பின்னும் முன்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை. உரிமம் வைத்திருக்கும் பெரியவர் இரண்டு லட்சம் ரூபாய் கேட்டார். "தம்பி, இது அந்தக் காலத்து இரும்பு, இனிமேல் கிடைக்காது" என்றார். இரும்பைப் பற்றி அவர் சொன்னதில் பிழையில்லை. இந்த மாடலை 1964இல் நிறுத்தியதற்கே, எஃகைக் கடைந்து கடைந்து பாகம் செய்யும் செலவு கட்டுப்படியாகாததுதான் காரணம். கிடைக்காது என்பதைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1912இல் வெளிவந்து, 1919 வரை மாடல் 1912 என்ற பெயரிலேயே விற்ற இந்தத் துப்பாக்கி, மொத்தம் ஏறத்தாழ இருபது லட்சம் செய்யப்பட்டது. உலகக் கணக்கில் இது அரிய பொருளே அல்ல. 1980களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதி அடைபட்டதால்தான் இங்கே இதற்கு இந்த மவுசு. ஆனால் வாங்கும் ஆளும் குறைந்துவிட்டார். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தோடு வயல்களில் உள்ளான் சுடும் மிராசுதார் காலம் முடிந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. பெயருக்கு மட்டும் பணம் கொடுக்க எனக்கு மனம் வராததற்கு இதுவே காரணம்.

துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் அறையையும் தோட்டாக் குழாயையும் திறந்து காலியா என்று பார்த்துவிட்டு, முதலில் தேடியது எண்ணைத்தான். இந்த மாடல் நடுவில் இரண்டாகக் கழலும். உடற்பகுதியின் அடியில் உள்ள எண்ணும் குழலோடு வரும் பாதியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அது பிறந்தபோது சேர்ந்த ஜோடி. இதில் எண்கள் ஒத்திருந்தன. பிறகு இரண்டு பாதிகளையும் பூட்டி, இரு கையாலும் பிடித்து மெல்ல முறுக்கினேன். மயிரிழை ஆட்டம் தெரிந்தது. இணைப்பு தேய்ந்தால் இறுக்கிக்கொள்வதற்கென்றே பல நிலைகள் கொண்ட வளையம் ஒன்று உண்டு. அது கடைசி நிலைக்குப் போயிருந்தால் துப்பாக்கியை அப்படியே திருப்பிக் கொடுத்திருப்பேன். இங்கே இன்னும் இரண்டு நிலை மீதம் இருந்தது.

குழல் நீளம் 30 அங்குலம், குறையில்லை. குழல்வாய் உள்ளே சுமார் ஒரு மில்லிமீட்டர் குறுகியிருப்பதை வெர்னியர் வைத்து அளந்தபோது, 'ஃபுல் சோக்' (வாய் நன்றாகக் குறுகியது) என்ற முத்திரை பொய்யில்லை என்று தெரிந்தது. வாய் குறுகாமல் நேராக இருந்திருந்தால், யாரோ குழலை அறுத்திருக்கிறார்கள் என்று கொள்ள வேண்டும். உரிமமின்றிக் குழலைக் குட்டையாக்குவது ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி குற்றம் என்பதால், அத்தகைய துப்பாக்கியை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

போலித் தோட்டாக்களை வைத்து ஓட்டியபோது பம்ப் வழுக்கிக்கொண்டு ஓடியது. புதிய பம்ப் துப்பாக்கிகளில் இந்த ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. சுத்தியல் ஏறியிருக்கும்போது முன்கட்டை பின்னுக்கு வராமல் பூட்டு பிடிக்கிறதா என்பதை மூன்று முறை சோதித்தேன். விசையை அழுத்திப் பிடித்தபடியே பம்ப் அடித்தால், அறை மூடிய கணத்திலேயே வெடித்துவிடும் அமைப்பு இதற்கு உண்டு. புதியவர் கையில் கொடுக்கக் கூடிய துப்பாக்கி அல்ல.

குறைகள் எல்லாம் வெளித்தோற்றத்தில்தான். யாரோ ஒரு பட்டறையில் சக்கரத்தில் வைத்துத் தேய்த்துப் புதிதாகக் கறுப்பேற்றியதில் எழுத்துகளின் விளிம்பு மழுங்கிவிட்டது. பார்க்க அழகுதான், ஆனால் பழைய பொருளுக்கு அதன் சொந்த நிறமே மதிப்பு. முன்கட்டைக்கு அடியில் செம்பழுப்புத் துரு படிந்திருந்தது. தேர்தலுக்குத் தேர்தல் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, சாக்கில் சுற்றியபடி ஒரு மாரிக்காலத்தையும் அங்கேயே கழித்ததன் வடு அது என்றார் பெரியவர். தோளில் வைக்கும் வால்நட் மர அடிக்கட்டையை யாரோ அறுத்து ரப்பர் பட்டை வைத்திருந்தார்கள். பிடி ஒடுங்கும் இடத்தில் கோந்து ஒட்டிய விரிசலும் உண்டு. ஐந்து தோட்டா வெடித்தால் அது வாய் திறக்கும் என்பது என் கணிப்பு.

சொந்த நிறத்தோடு முழுமையாக இருந்திருந்தால் இரண்டு லட்சத்தை நான் மறுத்திருக்க மாட்டேன். மறுபூச்சுக்கு ஐம்பதாயிரம், அடிக்கட்டைக்கு முப்பதாயிரம், இணைப்பின் ஆட்டத்துக்குப் பத்தாயிரம் கழித்து, ஒரு லட்சத்துப் பத்தாயிரம் சொன்னேன். பெரியவர் முகம் வாடினாலும் கோபப்படவில்லை. தோல் உறையையும் துடைக்கும் கம்பியையும் சேர்த்து ஒன்று நாற்பது என்றார். தோல் உறை எலி கடித்தது.

விலை படிந்தாலும் அன்றே தூக்கிக்கொண்டு வர முடியாது. விற்பவர், வாங்குபவரின் விவரத்தோடு மாவட்ட ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாட்கள் கழிந்த பிறகே கை மாற்ற வேண்டும். என் உரிமத்தில் ஓர் இடம் காலியாக இருப்பதைக் காட்டி, ஒன்று பதினைந்துக்கு மேல் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். "மகனைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றிருக்கிறார்.