மல்டிமெயிலும் நானோவும்: மெய்யெழுத்தில் புள்ளி நிற்க வேண்டுமென்றால்

பிபிஎஸ் என்ற பழைய பாணி மெசேஜ் பலகைகளில் வரும் மெசேஜ்களைச் சில வருடங்களாக மல்டிமெயில் என்ற ஆஃப்லைன் ரீடரில்தான் படிக்கிறேன், பதிலை நானோ என்ற டெக்ஸ்ட் எடிட்டரில் எழுதுகிறேன். இரண்டும் இலவசம். டெபியன், உபுண்டு லினக்ஸில் ஒரே கமாண்டில் இறங்கிவிடும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவர் செட்டிங்கில் ஒன்றிரண்டு வரியைத் தட்டினால் போதும். தமிழில் நாலு வரி எழுத ஆசைப்பட்டால்தான் பெரிய வேலை இருக்கிறது. அந்த வேலையைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

ஆன்லைனிலேயே படிக்காமல் இதற்கு ஏன் தனி ரீடர் என்று கேட்பார்கள். தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்கு ஒரு சின்ன டிடிபி கடை, வீடு பென்னாகரம் தாண்டி. வீட்டில் கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடும். அதனால் கடையில் இருக்கும்போதே பிபிஎஸ்ஸிலிருந்து புது மெசேஜ் எல்லாவற்றையும் ஒரே பாக்கெட்டாக இறக்கிக்கொள்வேன். ராத்திரி வீட்டில் சாவகாசமாகப் படித்துப் பதில் எழுதி, மறுநாள் கடையில் ஏற்றிவிடுவேன். சின்க்ரோநெட் என்ற மென்பொருளில் ஓடும் பிபிஎஸ்களில் இந்தப் பாக்கெட்டை எஃப்டிபி வழியாகவே எடுக்கலாம், டெல்நெட்டில் உள்ளே போய் மெனுவைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இந்தப் பாக்கெட்டின் பெயர் க்யூடபிள்யூகே. 1987-ல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் மார்க் ஹெர்ரிங் என்பவர் உருவாக்கியது. அப்போது பிபிஎஸ்ஸுக்குப் போன் போட்டுத்தான் பேச வேண்டும், நிமிடத்துக்கு இவ்வளவு என்று மீட்டர் ஓடும். மொத்தமாக இறக்கிவிட்டு போனை வைத்துவிட்டால் காசு மிச்சம். போன் பில் பிரச்சினைக்காகச் செய்தது இன்றைக்கு எங்கள் ஊர் டவர் பிரச்சினைக்கு உதவுகிறது.

மல்டிமெயிலை முதல் தடவை ஓட்டும்போதே ஹோம் ஃபோல்டரில் ஒரு செட்டிங் ஃபைலை அதுவே எழுதி வைத்துவிடும். ஒவ்வொரு வரிக்கு மேலும் அது எதற்கு என்று ஒரு குறிப்பு இருக்கும். வந்த பாக்கெட் எங்கே, போகும் பாக்கெட் எங்கே, சேமித்தது எங்கே என்ற மூன்று ஃபோல்டர் வரிகளில் நான் கை வைக்கவே இல்லை. நமக்கென்று வந்த மெசேஜ்களைத் தனிப் பகுதியாகச் சேர்த்துக் காட்டும் வரியை மட்டும் ஆன் செய்து வையுங்கள். பத்து ஏரியாவில் சிதறிக் கிடக்கும் பதில்கள் ஒரே இடத்தில் வந்து நிற்கும். பதிலின் கடைசியில் துணுக்கு வாசகம் ஒட்டும் வசதியை அணைத்துவிட்டேன். எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி தமிழ். யூனிகோடை பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும், ஒவ்வொரு கால், கொம்பு, புள்ளிக்கும் தனித்தனியாக மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் மாறும். பழைய ஃபான்ட் ஃபைல்களை யூனிகோடாக மாற்றிக் கொடுப்பது கடையில் வாடிக்கையான வேலை என்பதால் இந்த எண்கள் எனக்கு மனப்பாடம்.

செட்டிங் ஃபைலில் சாஃப்ட் சிஆர் நீக்கு என்று ஒரு வரி உண்டு. வேர்ட்ஸ்டார் என்ற பழைய எழுத்து மென்பொருள் காலத்துச் சங்கதி அது. நாம் என்டர் தட்டி முடித்த வரிக்கு 13 என்ற பைட். மென்பொருள் தானாக மடித்த வரிக்கு அதோடு 128 கூட்டி 141. வேறு அகலமுள்ள திரையில் இந்த 141 தேவையில்லாத இடத்தில் வந்து நிற்கும் என்பதால் அதைக் கண்டால் தூக்கிவிடு என்பது அந்தக் காலத்து வழக்கம். பிபிஎஸ்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஃபிடோநெட்டின் அடிப்படை விதியே அதைக் கண்டுகொள்ளாதே என்கிறது. இப்போது தமிழ்ப் புள்ளியின் மூன்று பைட்டைப் பாருங்கள்: 224, 175, 141. அந்த வரியை ஆம் என்று வைத்தீர்களோ, மெசேஜில் உள்ள ஒவ்வொரு மெய்யெழுத்தின் புள்ளியும் கடைசி பைட்டை இழந்து குப்பையாகிவிடும். மற்ற எழுத்தெல்லாம் அப்படியே இருக்கும், புள்ளி மட்டும் காலி. இது தெரியாதவர் ஃபான்ட்டைத் திட்டிக்கொண்டு இருப்பார்.

ஆகவே அந்த வரி இல்லை என்றே இருக்கட்டும். உங்கள் கையில் மட்டும் இல்லை இது. வழியில் மெசேஜைக் கைமாற்றும் ஏதாவது ஒரு மென்பொருள் 141-ஐத் தூக்கினாலும் இதே கதிதான். ரஷ்யர்களுக்கும் இதே தலைவலி இருந்திருக்கிறது. அவர்களின் 866 எழுத்துத் தொகுப்பில் ந ஒலிக்கான பெரிய எழுத்து 141-ல் உட்கார்ந்திருக்கிறது. அந்த எழுத்து பார்க்க ஆங்கில எச் மாதிரியே இருப்பதால் எச்சையே போட்டுச் சமாளித்தார்கள். கோல்டெட் என்ற ரீடரில் அதைத் தானாக மாற்றிக் கொடுக்கவே ஒரு செட்டிங் உண்டு. நம் புள்ளிக்குப் பதிலாக எதைப் போடுவது?

ஒரு விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். க்யூடபிள்யூகே பாக்கெட்டுக்குள் வரி முடிவைக் குறிப்பது 227 என்ற பைட். ஜப்பானியர்களின் கானா எழுத்துகள் யூடிஎஃப்-8ல் 227-ல்தான் தொடங்கும், அவர்கள் எழுதினால் எழுத்துக்கு எழுத்து வரி உடையும். தமிழில் 227 எங்கேயும் வராது.

தலைப்பு விஷயத்தில் அந்த அதிர்ஷ்டம் கிடையாது. அனுப்புபவர், பெறுபவர், தலைப்பு மூன்றுக்கும் க்யூடபிள்யூகே கொடுக்கும் இடம் தலா 25 பைட். தமிழில் எட்டுக் குறிதான் கொள்ளும். தர்மபுரி என்பதில் கொம்பு, புள்ளி எல்லாம் சேர்த்து எட்டுக் குறி, 24 பைட், அழகாக உட்கார்ந்துவிடும். கிருஷ்ணகிரி பதினொன்று, 33 பைட். ஓசூரில் இருக்கும் நண்பர் ஒருவர் வீட்டுப் பழைய லேப்டாப்பில் எங்கள் சோதனைக்காக ஒரு பிபிஎஸ் ஓட்டுகிறார், வயதில் மூத்தவர். நான் இரண்டு ஊர்ப் பெயரையும் தலைப்பாக வைத்து அனுப்பினேன். அவருக்கு தர்மபுரி முழுசாகப் போனது, மற்றது "கிருஷ்ணக" என்று நின்று பின்னால் ஒரு கேள்விக்குறிக் கட்டம். உடனே போன் வந்தது.

"ஏன் தம்பி, 2004-ல மாவட்டத்தைப் பிரிச்சாங்க, சரி. இப்ப பேரையும் பாதியில வெட்டுறீங்களா?"

"அண்ணா, வெட்டினது நான் இல்ல, மெம்பிஸ்காரர். உங்க ஒகேனக்கல் தண்ணி மாதிரி இல்ல இது, பங்கு கேட்டா கிடைக்காது."

"ஒகேனக்கல் எப்படா எங்களுது ஆச்சு? அதையும் அனுப்பிப் பாரு."

அனுப்பினேன். ஒகேனக்கல் 27 பைட். கடைசிப் புள்ளி மட்டும் விழுந்துவிட்டது.

இதற்கு மாற்று ப்ளூ வேவ் என்ற இன்னொரு வகைப் பாக்கெட். அதில் தலைப்புக்கு 71 பைட், இருபத்து மூன்று குறி வரை தாராளமாக எழுதலாம். மல்டிமெயில் இரண்டையும் திறக்கும். எனவே பிபிஎஸ்ஸில் இரண்டும் கிடைத்தால் ப்ளூ வேவைத் தேர்ந்தெடுங்கள். க்யூடபிள்யூகே மட்டும்தான் என்றால் தலைப்பை ஆங்கிலத்தில் வைத்து உள்ளே தமிழில் எழுதுங்கள். நான் இப்போது செய்வது அதுதான்.

மல்டிமெயில் செட்டிங்கில் எழுத்துத் தொகுப்பு என்ற வரியை, பழைய ஐபிஎம் பிசியின் தொகுப்பான 437 என்று வைப்பது நல்லது. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1 என்று இருந்தால் உங்களுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு பைட்டுகளை மாற்றிவிடும். 437-ல் தொடாமல் விட்டுவிடும். ஆனால் திரையில் தமிழ் தெரியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் ஆல்ஃபா, அதை ஒட்டி ஒரு இரட்டை மேற்கோள் கொக்கி, அப்புறம் ஏதோ ஒன்று என்று பக்கம் முழுக்க ஓடும். பார்த்தவுடன் பயப்பட வேண்டாம், 437-ல் 224 என்பது ஆல்ஃபா, 174-ம் 175-ம் கொக்கிகள். அது தெரிந்தால் பைட் கெடாமல் வந்திருக்கிறது என்று அர்த்தம். படிப்பதற்கு நான் குறுக்கு வழி வைத்திருக்கிறேன்: பாக்கெட் வெறும் ஜிப் ஃபைல்தான், அதைப் பிரித்து உள்ளே இருக்கும் மெசேஜ் ஃபைலில் 227-ஐ எல்லாம் புது வரியாக மாற்றும் ஒரு வரி ஸ்கிரிப்ட். விளைவை மௌஸ்பேட் என்ற ஜன்னல் எடிட்டரில் திறந்தால் தமிழ் தெளிவாக இருக்கும். டெர்மினலிலேயே பார்க்கலாம்தான், பல டெர்மினல்களில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று நிற்கும்.

எடிட்டருக்கு வருவோம். மல்டிமெயிலுக்குச் சொந்த எடிட்டர் கிடையாது. செட்டிங்கில் எதைச் சொல்கிறோமோ அதைத் திறக்கும், அது மூடியதும் பதிலை எடுத்துக்கொள்ளும். இங்கே ஜிஎடிட், ஜிவிம் போன்ற ஜன்னல் எடிட்டரைக் கொடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். ஜிவிம் எப்போதும், ஜிஎடிட் ஏற்கெனவே ஒரு ஜன்னலில் ஓடிக்கொண்டிருந்தால், திறந்த கையோடு கட்டுப்பாட்டைத் திருப்பிக் கொடுத்துவிடும், நீங்கள் முதல் வார்த்தை அடிப்பதற்குள் மல்டிமெயில் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும். ஜிஎடிட்டுக்குக் காத்திரு என்ற சுவிட்சையும், ஜிவிம்முக்கு முன்னணியில் நில் என்ற எஃப் சுவிட்சையும் அந்த வரியிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஆங்கிலப் பதிலுக்கு நானோ போதும், ஆனால் அதையும் கொஞ்சம் தட்டிச் சரி செய்ய வேண்டும். 2019-ல் வந்த 4.0-விலிருந்து நானோ நீண்ட வரியைத் தானாக உடைப்பதில்லை. ஒரு பாரா முழுக்க ஒரே வரியாகப் போகும், அடுத்த முனையில் இருப்பவர் அதை மேற்கோள் காட்டினால் கந்தரகோளம். நானோவின் செட்டிங் ஃபைலில் வரி உடைப்பை ஆன் செய்து அகலத்தை 72 என்று வையுங்கள். தமிழுக்கு இந்த 72 பொருந்தாது. வழியில் சில மென்பொருள்கள் வரியைப் பைட் கணக்கில் மடிக்கும், எழுத்தின் நடுவிலேயே மடிப்பு விழும். நான் நாலைந்து சொல்லுக்கு ஒரு என்டர் தட்டிவிடுகிறேன். புதுக்கவிதை மாதிரி இருக்கிறது என்று ஓசூர் அண்ணன் கிண்டல் செய்வார்.

நானோவில் இன்னொரு முக்கியமான வரி, மேற்கோள் குறி. பிபிஎஸ் வழக்கப்படி மேற்கோள் வரிக்கு முன்னால் எழுதியவரின் இனிஷியல் வந்து அப்புறம்தான் அம்புக்குறி வரும். நானோவுக்கு அம்புக்குறி போன்ற வெறும் குறிகள்தான் தெரியும், இனிஷியல் தெரியாது. கண்ட்ரோல் ஜே அழுத்திப் பாராவை ஒழுங்குபடுத்தினால் மேற்கோள் வரிகளை எல்லாம் ஒன்றாகக் குழைத்து, நடுநடுவே அந்த இனிஷியலையும் அம்பையும் விட்டுவைக்கும். மேற்கோள் வடிவத்தைக் குறிக்கும் வரியில், இடைவெளி, அப்புறம் சில எழுத்துகள், அப்புறம் அம்பு என்ற வடிவத்தைக் கொடுத்துவிட்டால் மேற்கோள் தனி, நம் பதில் தனி என்று பிரித்து அடுக்கும். இந்த ஒரு வரிக்காகவே நானோவை மாற்றாமல் இருக்கிறேன்.

மல்டிமெயிலின் கலர்கள் எனக்குப் பிடிக்கவில்லை. தனிக் கலர் ஃபைல் இருக்கிறது, இருட்டில் கண் கூசாத அளவுக்குக் குறைத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் மாற்றலாம், பொறுமை இல்லை.

பதில் பாக்கெட்டை ஏற்றிய பிறகு அது தன் ஃபோல்டரிலேயே கிடக்கும். அடுத்த நாள் அதையே மறுபடி ஏற்றினால் இரட்டைப் பதிவைக் கண்டுபிடிக்கும் பிபிஎஸ் தள்ளிவிடும், மற்றவற்றில் ஒரே பதில் இரண்டு தடவை போய் நிற்கும். ஏற்றி முடித்ததும் அதை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தும் வேலையையும் அந்தச் சின்ன ஸ்கிரிப்டிலேயே சேர்த்துவிட்டேன்.