முட்டி வீங்கினால் எக்ஸ்ரேயா, அல்ட்ராசவுண்டா, சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா?

அடிபட்டு முட்டி வீங்கியதும் ஸ்கேன் சென்டருக்கு ஓடுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். கபடியில் கால் முறுக்கிக்கொண்ட இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி பந்து மாதிரி உப்பினால், உள்ளே கோத்திருப்பது பெரும்பாலும் ரத்தம். ஏ.சி.எல். (முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் ஜவ்வு) கிழிவு, முட்டிச் சில்லு விலகல், மூட்டுக்குள் எலும்பு முறிவு என்ற வரிசையில் சந்தேகப்பட வேண்டும். அன்றைக்குச் சும்மா இருந்துவிட்டு மறுநாள் காலையில் வீங்கினால் அது மூட்டு நீர். மெனிஸ்கஸ், அதாவது இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு, கிழிந்தால் இப்படி நடப்பதுண்டு.

முதல் இடம் எக்ஸ்ரேக்குத்தான். அதுவும் எல்லோருக்கும் தேவையில்லை. ஒட்டாவா விதி என்று ஒன்று இருக்கிறது: வயது 55 அல்லது அதற்கு மேல், சில்லில் மட்டும் தொட்டால் வலி, முட்டிக்கு வெளிப்பக்கம் ஃபிபுலா எலும்பின் தலையில் வலி, 90 டிகிரி மடக்க முடியாமை, அடிபட்ட உடனேயும் ஆஸ்பத்திரியிலும் நான்கு அடி நடக்க முடியாமை. இவற்றில் ஒன்று இருந்தாலும் எடுக்க வேண்டும். நொண்டிக்கொண்டு நடந்தாலும் அது நடைதான். பக்கவாட்டுப் படத்தை நோயாளி மல்லாந்து படுத்திருக்க, கதிரைக் கிடையாகச் செலுத்தி எடுப்பது நல்லது. எலும்புக்குள்ளிருந்து கசிந்த மஜ்ஜைக் கொழுப்பு ரத்தத்தின்மேல் மிதந்து ஒரு நேர்கோடாகத் தெரியும். விரிசல் கண்ணுக்குப் படாவிட்டாலும் அந்தக் கோடு முறிவைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்படிக் காட்டிக்கொடுத்தால், அல்லது டிபியாவின் (கீழ்க்காலின் பெரிய எலும்பு) மேல்தளம் நொறுங்கியிருந்தால், அடுத்தது சி.டி. எத்தனை துண்டு, எத்தனை மில்லிமீட்டர் அமுங்கியது என்று அறுவை மருத்துவர் கணக்குப் போட அதைவிடத் தெளிவான படம் இல்லை. ஜவ்வுக்காக சி.டி. எடுப்பது வீண்.

விலை குறைவு என்பதால் பலர் அல்ட்ராசவுண்டோடு நின்றுவிடுகிறார்கள். நீர் கோத்திருக்கிறதா, முட்டிக்குப் பின்னால் பேக்கர் கட்டி என்னும் நீர்க்கட்டி இருக்கிறதா, சில்லுக்கு மேலும் கீழும் உள்ள தசைநாண் அறுந்ததா என்பதற்கு அது போதும். ஆழத்தில் கிடக்கும் ஏ.சி.எல். அதில் சரியாகத் தெரியாது. ஆகவே அல்ட்ராசவுண்ட் ‘நார்மல்’ என்பது ஜவ்வுக்குக் கிடைத்த நற்சான்று ஆகாது. ஆனால் கெண்டைக்கால் தனியாக வீங்கி வலித்தால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்டான டாப்ளர்தான் முதலில். அங்கே ரத்தக்குழாயில் உறைகட்டி இருக்கலாம்.

ஜவ்வு, மெனிஸ்கஸ், குருத்தெலும்பு மூன்றையும் ஒருங்கே காட்டுவது எம்.ஆர்.ஐ. 1.5 டெஸ்லா (காந்த வலிமையின் அளவு) இயந்திரமே போதுமானது. முட்டி பூட்டிக்கொண்டு நீட்டவே முடியவில்லை என்றால் உடனே எடுக்க வேண்டும். மற்றவர்கள் ஒன்றிரண்டு வாரம் பொறுக்கலாம். வீக்கம் வடிந்தபின் மருத்துவர் கையால் அசைத்துப் பார்க்கும் சோதனையும் தெளிவாக வரும்.

ரிப்போர்ட்டில்தான் குழப்பம். ‘எஃப்யூஷன்’ என்றால் நீர் கோத்தது, அவ்வளவே. மெனிஸ்கஸில் ‘கிரேடு 1’, ‘கிரேடு 2’ சிக்னல் என்றால் மேற்பரப்பை எட்டாத உள்மாற்றம், கிழிவு இல்லை. கிரேடு 3 தான் கிழிவு. அதுவும் நடுவயதில் வலியே இல்லாதவர்களிடமும் சாதாரணமாகக் காணப்படுவது, ஆகவே வலிக்கும் இடமும் கிழிந்த இடமும் பொருந்துகிறதா என்று கேளுங்கள். ‘மாரோ எடிமா’ எலும்புக்குள் கன்றிய அடையாளம். தொடை எலும்பின் வெளிப்புறக் குமிழிலும் டிபியாவின் பின்-வெளி ஓரத்திலும் சேர்ந்தே இருந்தால், ஏ.சி.எல். அறுந்த நொடியில் இரண்டு எலும்பும் மோதிக்கொண்ட தடம் அது. ஜவ்வு பற்றி ரிப்போர்ட் மழுப்பினாலும் இதைப் பார்த்து மருத்துவர் உஷாராவார்.

காய்ச்சலோடு முட்டி சிவந்து கொதித்தால் இந்த நான்குமே இரண்டாம் பட்சம். ஊசியால் நீரை எடுத்துச் சீழ் இருக்கிறதா என்று அன்றே பரிசோதிக்க வேண்டும். பாதம் சில்லிட்டு மரத்துப்போனாலோ நேரே அவசர சிகிச்சைப் பிரிவு. முட்டியே விலகி, பின்னால் ஓடும் தமனி நசுங்கியிருக்கக்கூடும்.